விஷவாயுவும் வெடிகுண்டும் ஒன்றாக வந்தால் யாரைக் கூப்பிடுவது? சி.பி.ஆர்.என்.இ. படைப்பிரிவுகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2004 மே மாதம். பாக்தாதில் ஒரு சாலையோரத்தில் 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு ஒன்றை வெடிகுண்டாக மாற்றி வைத்திருந்தார்கள். அந்தப் போரில் தினமும் பார்க்கிற சமாச்சாரம்தான். செயலிழக்கச் செய்வதற்குள் அது வெடித்தது. பெரிய சேதம் ஒன்றும் இல்லை. ஆனால் குண்டுக்குள் இருந்தது சாரின் என்ற நரம்பு நச்சு. வெடிகுண்டு அகற்ற வந்த அமெரிக்க வீரர்கள் இருவருக்கு அதன் அறிகுறிகள் தெரிந்து, சிகிச்சை தர வேண்டியதாயிற்று.

இது வெடிகுண்டுப் பிரிவின் வேலையா, ரசாயனப் பிரிவின் வேலையா? கீழே வரும் கேள்விகள் எல்லாம் இதைச் சுற்றித்தான். பதில்களுக்குப் பெரும்பாலும் அமெரிக்க ராணுவத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் இந்த வேலைகளை ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவரும் முயற்சி அங்கேதான் மிகப் பெரிய அளவில் நடந்திருக்கிறது. ஜப்பான், பிரிட்டன், நம் அரக்கோணம் ஆகியவை தேவைப்படும் இடத்தில் வரும்.

சி.பி.ஆர்.என்.இ. என்பது எதன் சுருக்கம்?

கெமிக்கல், பயலாஜிக்கல், ரேடியாலஜிக்கல், நியூக்ளியர், எக்ஸ்ப்ளோசிவ் என்ற ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். அதாவது ரசாயனம், உயிரியல், கதிரியக்கம், அணு ஆயுதம், வெடிபொருள். நடுவில் இருக்கும் இரண்டையும் பலர் ஒன்று என்று நினைக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலோ தொழிற்சாலையிலோ இருக்கும் கதிரியக்கப் பொருளைத் திருடி, சாதாரண வெடிமருந்தோடு சேர்த்துச் சிதறடித்தால் அது கதிரியக்க ஆபத்து. அணுப்பிளவே நடந்தால்தான் அது அணு ஆயுதம். முன்பெல்லாம் 'என்.பி.சி.' என்று மூன்றே எழுத்து இருந்தது. வெடிபொருளைக் குறிக்கும் கடைசி 'இ' பின்னால் வந்து சேர்ந்தது. எனக்கு அந்த ஓர் எழுத்துதான் முக்கியமாகப் படுகிறது.

ஏன் முக்கியம்? வெடிகுண்டுக்கு வேறு ஆள், விஷவாயுவுக்கு வேறு ஆள் என்று இருந்தால் என்ன குறை?

முதலில் உடையைப் பாருங்கள். வெடிகுண்டு நிபுணர் போடும் கவச உடை 35 கிலோவுக்கு மேல் கனக்கும். சிதறும் உலோகத் துண்டுகளைத் தடுப்பதற்காகச் செய்தது அது, வாயுவைத் தடுக்காது. ரசாயனப் பிரிவினரின் உடையில் கரித்தூள் படிந்த உள்ளடுக்கு உண்டு. அது நச்சை உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் ஒரு சின்ன இரும்புத் துண்டு போதும் அதைக் கிழிக்க. பாக்தாத் குண்டுக்கு முன்னால் தனியாக நின்றால் இந்த இரண்டு பேருமே பாதிப் பாதுகாப்போடுதான் நிற்கிறார்கள்.

அப்புறம் பழக்கம். வெடிகுண்டு நிபுணர் ஒரே ஒரு பொருளைப் பார்க்கிறார். முடிந்தவரை ரோபோவை அனுப்பி, தள்ளி நின்று வேலை செய்கிறார். ரசாயனப் பிரிவினர் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எத்தனை தெரு வரைக்கும் பரவும், யாரை அப்புறப்படுத்த வேண்டும் என்று ஓர் ஊரையே பார்க்கிறார்கள். அமெரிக்க ராணுவத்தில் இவர்கள் படித்த பள்ளிகளும் வேறு. ரசாயனப் பிரிவுக்கு மிசௌரி மாநிலத்தின் ஃபோர்ட் லெனார்ட் வுட். அங்கே உண்மையான நரம்பு நச்சை வைத்தே பயிற்சி தருகிறார்கள். வெடிகுண்டுப் பிரிவுக்கு ஃபுளோரிடாவின் எக்லின் விமானப் படைத் தளத்தில், முப்படைக்கும் பொதுவான பள்ளி. ஒரு தரப்பு கெமிக்கல் கோர், இன்னொரு தரப்பு ஆர்ட்னன்ஸ் கோர். அதிகாரிகள் வேறு, பதவி உயர்வுப் பாதை வேறு, பேச்சு வழக்கே வேறு.

இப்படி இரண்டு குழுக்கள் சம்பவ இடத்தில் முதல்முறையாகச் சந்தித்தால், யார் முதலில் உள்ளே போவது என்பதிலேயே நேரம் போகும். 2006 கடைசியிலும் 2007லும் ஈராக்கில் குளோரின் சிலிண்டர்களையும் டேங்கர்களையும் வெடிமருந்தோடு சேர்த்து வெடிக்கவைத்தார்கள். வெடிப்பில் இறந்தவர்கள் ஒருபுறம், மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் நூற்றுக்கணக்கில் இன்னொருபுறம். அந்த மாதிரி இடத்தில் இரண்டாவது குண்டு இருக்கிறதா என்று பார்ப்பவரும், குளோரின் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அளப்பவரும் ஒரே தலைமைக்குக் கீழ் இருந்தே ஆக வேண்டும்.

சரி, அமெரிக்கா இதை எப்படி ஒழுங்கு செய்தது?

2004 அக்டோபரில் மேரிலாந்து மாநிலத்தின் அபெர்டீன் சோதனைத் தளத்தில் ஒரு தனித் தலைமையகம் தொடங்கியது. முதலில் பெயரில் 'சப்போர்ட்' என்ற சொல் இருந்தது, இப்போது '20வது சி.பி.ஆர்.என்.இ. கமாண்ட்'. ஒரு ஜெனரலின் கீழ் இயங்குகிறது. அமெரிக்க ராணுவத்தின் முழுநேரப் படையில் இருக்கும் ரசாயன நிபுணர்களிலும் வெடிகுண்டு நிபுணர்களிலும் சுமார் முக்கால்வாசிப் பேர் இதற்குள் வருகிறார்கள்.

உள்ளே மூன்று பெரிய அமைப்புகள். டெக்சாஸின் ஃபோர்ட் ஹூட்டில் 48வது கெமிக்கல் பிரிகேட். வெடிகுண்டு வேலைக்கு இரண்டு குரூப்புகள்: கென்டக்கி எல்லையில் ஃபோர்ட் கேம்ப்பெல்லில் 52வது, கொலராடோவின் ஃபோர்ட் கார்சனில் 71வது. இவற்றின் பட்டாலியன்களும் கம்பெனிகளும் (அதைவிடச் சிறிய படைப்பிரிவுகள்) நாடு முழுக்கப் பல தளங்களில் பிரிந்து கிடக்கின்றன. எல்லோரையும் ஒரே இடத்தில் குவிக்காததில் ஒரு நியாயம் உண்டு. வெடிகுண்டுக் கம்பெனி தன் பக்கத்துத் தளத்துக்கும் பக்கத்து ஊருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உழுகிற நிலத்திலோ வீட்டுப் பரணிலோ பழைய குண்டு ஒன்று கிடைத்தால் உள்ளூர் போலீஸ் இவர்களைத்தான் கூப்பிடுகிறது.

இவை தவிர, சிவிலியன் விஞ்ஞானிகளும் தொழில்நுட்பப் பணியாளர்களும் நிறைந்த ஒரு பிரிவும் உண்டு. 'காரா' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நடமாடும் ஆய்வகத்தைச் சம்பவ இடத்துக்கே கொண்டு போவார்கள், புதைந்து கிடக்கும் பழைய ரசாயனக் குண்டுகளைத் தோண்டும் இடங்களில் உதவுவார்கள். அதோடு அணு உலை, யுரேனியம் செறிவூட்டும் ஆலை போன்றவற்றை இயங்காமல் செய்யத் தெரிந்த மூன்று சிறு குழுக்களும் அபெர்டீனில் இருக்கின்றன.

பயிற்சி பெற்ற ஆட்களும் கருவிகளும் 2004க்கு முன்பே அங்கே இருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஒரே தொலைபேசி எண், ஒரே வரைபட அறை, ஒரே தளபதி கிடைத்ததுதான் புதிது.

ரசாயனமும் வெடிபொருளும் இரண்டுமே தெரிந்த ஆள் என்று யாரும் இல்லையா?

இருக்கிறார்கள். டெக்னிக்கல் எஸ்கார்ட் என்று ஒரு பழைய மரபு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கியது. ரசாயன ஆயுதங்களை ரயிலிலும் லாரியிலும் கொண்டு போகும்போது கூடவே போய்க் காவல் காத்து, ஒழுகினால் அடைத்து, ஆபத்தானால் அழிப்பதுதான் வேலை. அதனால் குண்டும் தெரியும், நச்சும் தெரியும். இந்தக் குழுக்களில் வெடிகுண்டு நிபுணரும் ரசாயன நிபுணரும் ஒன்றாகவே பயிற்சி எடுக்கிறார்கள். பெரிய கமாண்ட் மொத்தமும் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்தச் சிறு குழுக்களே முன்மாதிரி என்பது என் கருத்து.

ரசாயன ஆயுதங்களைத்தான் உலகமே அழித்துவிட்டதே, இன்னும் எதற்கு இதெல்லாம்?

அறிவித்த கையிருப்பு அழிந்தது உண்மை. இந்தியா 2009இல் முடித்தது. அமெரிக்கா 2023 ஜூலையில் கென்டக்கியில் கடைசிக் குண்டை அழித்தது. ஆனால் மண்ணுக்குள் கிடப்பது கணக்கில் வராது. 1993 ஜனவரியில் வாஷிங்டன் நகரின் வசதியான குடியிருப்பான ஸ்பிரிங் வேலியில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியபோது, முதல் உலகப் போர்க் காலத்துக் குண்டுகள் வெளியே வந்தன. அந்த இடம் ஒருகாலத்தில் ராணுவத்தின் ரசாயன ஆயுதச் சோதனைக் களம். வீடுகளுக்கு நடுவே பல ஆண்டுகள் தோண்டிச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

சம்பவ இடத்தில் உண்மையில் என்ன நடக்கும்?

முதலில் கோடு போடுவார்கள். நச்சு இருக்கும் இடம் ஹாட் ஸோன். அதைச் சுற்றி, சுத்தம் செய்யும் இடம் வார்ம் ஸோன். வெளியே, காற்று வரும் திசையில், தலைமையும் மருத்துவமும் இருக்கும் கோல்ட் ஸோன். காற்று திசை மாறினால் எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டும்.

உள்ளே போகிறவர்கள் இரண்டிரண்டு பேராகப் போவார்கள். ஒருவர் உடையை இன்னொருவர் தடவித் தடவிச் சரிபார்ப்பார். கையுறை சேரும் மணிக்கட்டிலும் முகமூடி படியும் கன்னத்திலும் இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அது. முகமூடி போட்டுவிட்டால் யார் எவர் என்று தெரியாது, அதனால் முதுகில் டேப் ஒட்டிப் பெயர் எழுதிக்கொள்வார்கள். தண்ணீரும் முகமூடியில் இருக்கும் குழாய் வழியாகத்தான். கண்டறிய மின்னணுக் கருவிகள் வந்துவிட்டாலும், சிறு புத்தகம்போல் கட்டிய ஒரு காகிதத்தை இன்னமும் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்கள். சந்தேகப்படும் துளியில் அதைத் தொட்டால் மஞ்சள், சிவப்பு, கரும்பச்சை என்று நிறம் மாறும். எந்த வகை நச்சு என்பதற்கான முதல் தகவல் அந்த நிறம். பெட்ரோல் மாதிரி வேறு பொருள் பட்டாலும் சிலசமயம் நிறம் மாறும் என்பதால், உறுதியான பதிலுக்கு மாதிரி ஆய்வகத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

வெளியே வருவது இதைவிடக் கடினம். கருவிகளை ஒரு தட்டில் வைக்க வேண்டும். காலணியைத் தொட்டியில் கழுவ வேண்டும். பிறகு அசையாமல் நிற்க வேண்டும். உதவியாளர் உடையைத் திறந்து, வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டிக்கொண்டே இறக்குவார். வெளிப்பக்கம் ஒருமுறைகூடத் தோலில் படக் கூடாது. முகமூடி கடைசியில்தான் கழன்று வரும். வியர்வையில் நனைந்து, தலை சுற்றி, முதலில் அதைக் கழற்றி எறியத்தான் எவருக்கும் கை போகும். அந்தக் கையை அடக்கிப் பழக்குவதற்கே பல மாதப் பயிற்சி.

இந்த நச்சு நீக்க வரிசை தயாராகாமல் யாரையும் உள்ளே அனுப்பக் கூடாது என்பது விதி. உள்ளே போகிற இருவருக்காக வெளியே பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். பார்ப்பவர்களுக்கு ஆட்கள் வீணாக நிற்பதுபோலத் தெரியும், ஆனால் அவர்கள் இல்லாமல் உள்ளே போனவர்கள் வெளியே வர வழியில்லை.

உயிரியல் தாக்குதலுக்கும் இதே ஏற்பாடுதானா?

பாதிதான் பொருந்தும். நச்சுக் கிருமிக்குப் பெரும்பாலும் 'சம்பவ இடம்' என்று ஒன்று இருக்காது. 2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமியைத் தபாலில் அனுப்பினார்கள். 5 பேர் இறந்தார்கள், 17 பேர் நோயுற்றார்கள். முதலில் தெரிந்தது ஒரு நோயாளியின் உடலில், ஆஸ்பத்திரியில். ஆகவே அங்கே முதல் கண் டாக்டருடையது. படைப்பிரிவின் வேலை அதற்குப் பிறகு, மாதிரி எடுப்பதும் கட்டடத்தைச் சோதிப்பதும்தான்.

சொந்த நாட்டு நகரத்துக்குள் ராணுவம் இறங்கலாமா?

அமெரிக்காவில் சட்டம் இதில் கறார். ராணுவத்தைப் போலீஸ் வேலைக்குப் பயன்படுத்த 1878 முதல் தடை இருக்கிறது. பயங்கரவாதச் சம்பவம் என்றால் விசாரணை எஃப்.பி.ஐ. கையில். ராணுவம் உதவிக்கு மட்டும்.

அதனால் முதலில் வருவது மாநில ஆளுநரின் கீழ் இருக்கும் நேஷனல் கார்டு என்ற துணைப் படையின் குழுக்கள். 22 பேர் கொண்ட முழுநேரக் குழுக்கள், நாடு முழுக்க 57. ஒவ்வொரு மாநிலத்துக்கும் குறைந்தது ஒன்று. அழைப்பு வந்து 90 நிமிடத்துக்குள் முன்னணிப் பிரிவு கிளம்பிவிட வேண்டும். இவர்கள் உயிரைக் காப்பாற்றும் பெரிய படை இல்லை. 'இது என்ன பொருள், எவ்வளவு ஆபத்து, என்ன செய்யலாம்' என்று உள்ளூர் தீயணைப்புத் தலைவருக்குச் சொல்லும் கண்களும் மூளையும் இவர்கள். அதற்கு மேல் ஆள் தேவைப்பட்டால் பெரிய குழுக்கள், அதற்கும் மேல் மத்திய ராணுவம் என்று படிப்படியாக வரும்.

மரைன் படையும் தனியாக ஒரு பிரிவை 1996இல் தொடங்கியது. சுருக்கப் பெயர் 'சிபர்ஃப்', வாஷிங்டனுக்கு அருகே இந்தியன் ஹெட்டில் இருக்கிறது. இது தொடங்கக் காரணம் டோக்கியோ.

டோக்கியோவில் என்ன நடந்தது?

1995 மார்ச் 20, திங்கட்கிழமை காலை. ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக்குழுவினர் சுரங்க ரயிலின் மூன்று தடங்களில் ஐந்து வண்டிகளில் சாரினைக் கசியவிட்டார்கள். 14 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் 25 ஆண்டுகள் படுக்கையில் இருந்து 2020இல் இறந்தவர். ஆயிரக்கணக்கானோர் ஆஸ்பத்திரிகளை நோக்கி ஓடினார்கள்.

என்ன பொருள் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. முதல் சோதனையில் அசிட்டோநைட்ரைல் என்ற வேறொரு ரசாயனம் என்று தவறாகத் தகவல் வந்தது. சாரின் என்று போலீஸ் அறிவிக்கும்போது மணி 11 ஆகிவிட்டது. செயின்ட் லூக்ஸ் ஆஸ்பத்திரிக்கு மட்டும் அன்று 640 பேர் வந்தார்கள். நச்சு நீக்கம் எதுவும் இல்லாமல், நேரே உள்ளே. அவர்கள் உடையில் இருந்த சாரின் ஆவியானதில், சிகிச்சை அளித்த பணியாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கண் மங்கலும் தலைவலியும் வந்தன.

ஜப்பானின் தற்காப்புப் படையிடம் அன்றும் நல்ல ரசாயனப் பிரிவு இருந்தது. அவர்கள்தான் பிறகு ரயில்களையும் நிலையங்களையும் சுத்தம் செய்தார்கள். ஆனால் படைக்கு இருந்த அறிவு முதல் மூன்று மணி நேரத்தில் டாக்டர்களிடம் போய்ச் சேர முறையான வழி இல்லை. இந்தத் துறையில் நான் அடிக்கடி திரும்பிப் போய்ப் படிக்கும் மூன்று மணி நேரம் அது. படையை எப்படி அமைப்பது என்ற கேள்விக்குள், அந்தப் படை யாரோடு தினமும் பேசிக்கொண்டிருக்கிறது என்ற கேள்வியும் இருக்கிறது.

அபூர்வமாக நடப்பதற்கு நிரந்தரப் படை தேவையா? தேவைப்படும்போது சேர்த்துக்கொண்டால் போதாதா?

பிரிட்டன் இதைச் செய்து பார்த்தது. 1999இல் தரைப்படையும் விமானப் படையும் சேர்ந்து ஒரு கூட்டு ரெஜிமென்ட்டை அமைத்தன. 2011இல் செலவைக் குறைக்கக் கலைத்துவிட்டு, பொறுப்பை விமானப் படை ரெஜிமென்ட்டிடம் கொடுத்தார்கள். 2018 மார்ச் 4 அன்று சாலிஸ்பரி ஊரில் முன்னாள் ரஷ்ய உளவாளி ஒருவரும் அவர் மகளும் ஒரு பெஞ்சில் மயங்கிக் கிடந்தார்கள். நோவிசோக் என்ற நரம்பு நச்சு. முதலில் சுமார் 180 ராணுவத்தினரை வரவழைத்தார்கள். ஜூலையில் பக்கத்து ஊரில், வாசனைத் திரவிய பாட்டில் என்று நினைத்து அதே நச்சைப் பூசிக்கொண்ட ஒரு பெண் இறந்தார். ஊரைச் சுத்தம் செய்து முடிக்க ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆனது. 2019இல் 28வது பொறியாளர் ரெஜிமென்ட்டை இதே வேலைக்காகத் திரும்ப உருவாக்கினார்கள்.

கட்டடத்தையும் வாகனத்தையும் திரும்ப வாங்கிவிடலாம். நரம்பு நச்சு பட்ட ஆம்புலன்ஸை எப்படிக் கட்டி இழுத்துப் போவது என்று கைப்பழக்கமாகத் தெரிந்த ஹவில்தாரைத் திரும்ப உருவாக்கப் பத்து ஆண்டு வேண்டும்.

போர், தாக்குதல் தவிர வேறு வேலை உண்டா?

உண்டு. சிரியா ஒப்படைத்த ரசாயனங்களில் மிக ஆபத்தானவற்றைத் தங்கள் மண்ணில் அழிக்க எந்த நாடும் முன்வரவில்லை. 2014இல் 'கேப் ரே' என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலில் இரண்டு இயந்திரங்களைப் பொருத்தி, நடுக்கடலில், மத்தியதரைக் கடலில் வைத்து, சுமார் 600 டன்னை வெந்நீராலும் ரசாயனங்களாலும் செயலிழக்கச் செய்தார்கள். ஆறு வாரத்தில் முடிந்தது. கப்பலில் வேலை செய்தவர்கள் அபெர்டீன் பக்கத்து எட்ஜ்வுட் ஆய்வகத்தின் சிவிலியன் ஊழியர்கள்தான். பெரிய ஆயுதக் கையிருப்பு ஒன்று ஒரு துப்பாக்கிச் சூடும் இல்லாமல் முடிந்துபோனது.

இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில்?

ராணுவத்துக்குத் தனிப் பயிற்சியும் வாகனங்களும் உண்டு. ஆனால் பொதுமக்கள் பக்கத்தில் முதலில் வருவது தேசியப் பேரிடர் மீட்புப் படை. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி 2006இல் எட்டு பட்டாலியன்களோடு தொடங்கி, இப்போது 16. எல்லை பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்றவற்றிலிருந்து வந்தவர்கள். இதில் 4வது பட்டாலியன் நம் அரக்கோணத்தில். வெள்ளத்தில் ரப்பர் படகோடு வரும் ஆரஞ்சு உடைக்காரர்களாகத்தான் நமக்கு அவர்களைத் தெரியும், ஆனால் ரசாயன, கதிரியக்க ஆபத்துகளுக்குச் சிறப்புப் பயிற்சி பெற்ற பட்டாலியன்களில் அதுவும் ஒன்று. மே மாத அரக்கோணத்தில் சீல் வைத்த உடையோடு பயிற்சி செய்வதை யோசித்துப் பாருங்கள்.

2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியின் பழைய இரும்புக் கடைகளில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளைக் கண்டெடுத்தபோது, அணுசக்தித் துறையோடு இந்தப் படையும் இறங்கியது. ஒரு பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவிக்குள் இருந்தது அது. ஒருவர் இறந்தார். 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஸ்டைரீன் என்ற ரசாயன வாயு கசிந்தபோது, புனேயிலிருந்து சிறப்புக் குழுவை விமானத்தில் கொண்டு வந்தார்கள். இந்த இரண்டிலுமே எதிரி என்று யாரும் இல்லை. மணலியும் கடலூர் சிப்காட்டும் கல்பாக்கமும் இருக்கும் மாநிலத்தில், மாவட்டத் தீயணைப்பு நிலையமும் அரக்கோணமும் ஒன்றையொன்று பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

இவர்கள் வந்து சேரும் வரைக்கும் நாம் என்ன செய்வது?

வாயு பரவும் இடத்திலிருந்து காற்றுக்குக் குறுக்காக விலகிப் போங்கள். பெரும்பாலான நச்சு வாயுக்கள் காற்றைவிடக் கனமானவை, அதனால் பள்ளத்திலும் அடித்தளத்திலும் ஒளிய வேண்டாம். வெளியே போக முடியாவிட்டால் கதவு, ஜன்னலைச் சாத்தி, ஏ.சி.யை நிறுத்தி, ஈரத்துணியால் இடுக்குகளை அடையுங்கள். உடம்பில் பட்டிருந்தால் மேலுடையை உடனே கழற்றுங்கள். தலை வழியாக இழுக்காமல் வெட்டி எடுங்கள், இல்லாவிட்டால் முகத்தில் படும். உடையைக் கழற்றினாலே நச்சின் பெரும்பகுதி போய்விடும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கழற்றிய துணியை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் கட்டி வெளியே வைத்து, முதலில் வரும் மீட்புக்காரரிடம் அதைக் காட்டுங்கள். ஆஸ்பத்திரிக்குள் நுழையும் முன்பே, எங்கிருந்து வருகிறீர்கள், என்ன வாசனை வந்தது என்று வாசலில் நிற்பவரிடம் சொல்லிவிடுங்கள்.